‘இனி வண்டி வராது’ என்பதை நாலு மணிக்கே சொல்லுங்கள்

திருகோணமலை மாவட்ட அனர்த்த முகாமைத்துவக் கூட்டங்களில் அமரும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தில் இருபத்தெட்டு வருடம் அம்புலன்ஸ் ஓட்டியவன். 2020இல் ஓய்வுபெற்று இப்போது உப்புவெளியில் வீட்டோடு இருக்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நேரில் வந்து பேசினால் குரல் உயர்ந்துவிடும், பிறகு சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான், புயல் நேரத்தில் அம்புலன்ஸும் மற்ற மீட்பு வண்டிகளும் எப்போது நிற்க வேண்டும் என்பது பற்றி இந்த மடல். அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர்கள், சுகாதாரத் துறையினர், பொலிஸ், கடற்படை, தீயணைப்பு, மின்சார சபை என்று அந்த மேசையைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

போன வருடம், 2025 நவம்பர் 27ஆம் திகதி இரவு, எங்கள் ஒழுங்கையில் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தது. டித்வா சூறாவளி வந்து மோதிய இரவுகளில் ஒன்று. (அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டார்கள். யேமன் நாடு கொடுத்த பெயர். சொகோத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயராம்.) கரண்ட் இல்லை. பத்தரை மணி இருக்கும், அவருடைய மகன் நனைந்தபடி வந்து என் படலையைத் தட்டினான். வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்திருக்கிறார்கள். வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, காற்று குறைந்தால்தான் வண்டி எடுக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. “மாமா, அவங்கள் உங்கட ஆக்கள்தானே. நீங்கள் சொன்னா வருவாங்கள்” என்றான்.

நான் அழைத்தேன். அன்று இரவு கடமையில் இருந்தவன் என்னிடம் வண்டி பழகிய தம்பி. அவன் மறுக்கவில்லை. “அண்ணே, நீங்க சொன்னா எடுத்துக்கொண்டு வாறன். சொல்லுங்க, வரவா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என் தலையில் வந்து விழுந்தது. நான் ஓய்வுபெற்ற மனிதன். எனக்கு அதிகாரமும் இல்லை, வெளியே என்ன காற்று அடிக்கிறது என்ற கணக்கும் இல்லை. பக்கத்தில் அந்தப் பொடியன் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெளியே தகரம் ஒன்று கழன்று ஒழுங்கை முழுக்க உருண்டுபோகிற சத்தம் கேட்கிறது. நான் “வராதே” என்றேன்.

வண்டி விடிய ஐந்தரைக்கு வந்தது. பெரியவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, இரண்டு படி ஏறினால் இளைக்கிறது. மகன் என்னோடு பேசுவதில்லை. தம்பியோடும் பேசுவதில்லை, கடையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். என் தகப்பன் என்றால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஆனால் பிறகு தெரியவந்த விசயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரியவருக்கு மத்தியானத்திலிருந்தே நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருந்திருக்கிறது. வாய்வு என்று இஞ்சி குடித்துவிட்டு விறாந்தையில் இருந்திருக்கிறார். மழை பெய்தாலும் அந்த நேரத்தில் ரோட்டால் போகலாம். முச்சக்கர வண்டி பிடித்திருந்தால் கால் மணி நேரத்தில் வைத்தியசாலையில் இருந்திருப்பார். “இரவு ஏழு மணிக்குப் பிறகு வண்டி எதுவும் ஓடாது, நோயாளி உள்ள வீட்டுக்காரர் இப்போதே வாருங்கள்” என்று நாலு மணிக்கு ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் எத்தனை மணிக்கு, எந்தக் காற்றில், எந்தத் தண்ணீரில் வண்டி நிற்கும் என்று யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. முடிவை அன்றிரவு ஒரு சாரதியிடம் விட்டோம். அவன் என்னிடம் விட்டான்.

நான் கேட்க வந்தது இதுதான். புயல் நேரத்தில் மீட்பு வண்டிகளுக்கும் வள்ளங்களுக்கும் ஓர் எல்லை இருக்க வேண்டும். அந்த எல்லையை வானம் வெளிச்சமாக இருக்கும்போதே சனத்துக்குச் சொல்ல வேண்டும்.

எல்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். உயிரைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன எல்லை என்பார்கள். நானும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தேன். என் நினைப்பை மாற்றியது 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26. (சுனாமி வந்ததும் அதே திகதிதான், நாலு வருடம் கழித்து. எங்கள் ஊரில் வயது போனவர்களுக்கு அந்த நாளில் கடலைப் பார்க்கவே பிடிக்காது.) அன்று சூறாவளி திருகோணமலைக் கரையில்தான் ஏறியது. இருட்டுகிற நேரம் நிலாவெளிப் பக்கமிருந்து பிரசவ அழைப்பு. மேலதிகாரி ஒருவர் “போய்ப் பாரும்” என்றார். போய்ப் பாரும் என்றால் என்ன அர்த்தம்? போகலாமா என்று பார்க்கவா, போய்விட்டுப் பார்க்கவா? நான் கேட்கவில்லை, வண்டியை எடுத்தேன். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடி. அங்கே நின்றவர்களே பங்கருக்குள் இருந்துகொண்டு கையைக் காட்டி விட்டார்கள்.

அலஸ் தோட்டத்தைத் தாண்டும்போது தென்னை ஒன்று வண்டியின் முன்பக்கத்தில் விழுந்தது. எனக்குக் கண்ணாடி வெட்டியதோடு சரி. கூட வந்த உதவியாளரின் கால் முறிந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் மரம். அவருடைய காலைப் பலகை வைத்துக் கட்டிவிட்டு விடியும்வரை வண்டிக்குள்ளேயே இருந்தோம். அவர் முனகிய முனகலை இப்போதும் காதில் கேட்கலாம். அவரைக் கொண்டுபோகவும் ஒரு அம்புலன்ஸ் தேவைப்பட்டது என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை.

அந்தத் தாய்க்கு ஊர்க் கிழவி ஒருத்தி பிரசவம் பார்த்தாள். தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயது, என்னைக் கண்டால் சிரிக்கும். ஆனால் எங்கள் வண்டி இரண்டு மாதம் கராஜில் கிடந்தது. அந்த இரண்டு மாதமும் வண்டி கேட்ட வீடுகளுக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மீட்கப் போகிறவன் விழுந்தால் ஓர் அழைப்பு மட்டும் வீணாவதில்லை. அவனுக்கு அடுத்து வரவிருந்த அத்தனை அழைப்புகளும் வீணாகின்றன. இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை, அந்தத் தென்னைக்குக் கீழே படித்தேன்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பொறுமையாக வாசியுங்கள், சாரதிகளுக்கே பலருக்கு இது தெரியாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நாலு மடங்காகும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று, ஒரு சதுர மீற்றரில் கிட்டத்தட்ட 24 கிலோ எடையோடு தள்ளும். அம்புலன்ஸின் பக்கத்தைப் பத்துச் சதுர மீற்றர் என்று வையுங்கள். 240 கிலோ. நாலைந்து ஆட்கள் சேர்ந்து வண்டியை ஒரு பக்கமாகத் தோளால் முட்டுவதற்குச் சமம். 100 கிலோமீற்றரில் அது இரண்டு மடங்கு. அதுவும் ஒரே சீராகத் தள்ளாது. சராசரி 60 என்று வானிலைக்காரர் சொல்லும்போது இடையில் அடிக்கும் குத்துக்காற்று எண்பதைத் தாண்டும். சாரதியை ஏமாற்றுவது அந்தக் குத்துக்காற்றுதான். ஸ்டியரிங்கைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு போவான், காற்று திடீரென்று விடும், வண்டி அவன் பிடித்த பக்கமே பாயும்.

இதைக் கிண்ணியாப் பாலத்தில் நினைத்துப் பாருங்கள். 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர் நீளம். அதற்கு முன்னால் பாதையில் ஏறித்தான் கடந்தோம். பாதை என்றால் இளசுகளுக்கு ரோடு என்றுதான் விளங்கும், நான் சொல்வது வண்டியை ஏற்றும் மிதவையை. அந்தக் காலத்தில் காற்று பெருத்தால் பாதைக்காரர் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார். அதற்கு மேல் பேச்சில்லை. இப்போது பாலம் இருக்கிறது, ஆனால் ‘போதும்’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். ஓடுகிற தண்ணீர் அரை அடி உயரம் வந்தால் வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். ஒரு அடி வந்தால் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடி வந்தால் பெரிய ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போகும். வண்டி கனம்தானே, நிற்கும் என்று நினைக்கிறோம். கதவு மூடிய வண்டி ஒரு வெற்றுப் பெட்டி, அது மிதக்கத்தான் பார்க்கும். உழவு இயந்திரம் என்றால் போகும் என்று இன்னொரு நம்பிக்கை கிழக்கில் இருக்கிறது. 2024 நவம்பர் 26இல் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிப்போன உழவு இயந்திரம் கவிழ்ந்து என்ன நடந்தது என்பதைக் கிழக்கு முழுக்க அழுதுகொண்டே பார்த்தது. அதற்குப் பிறகும் போன வருடம் வெள்ளத்துக்குள் உழவு இயந்திரம் ஓடியது. ஓட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. எந்தக் கல்லு வரை தண்ணீர் வந்தால் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

அமெரிக்காவில் புளோரிடாவில் சூறாவளி வருடா வருடம் வரும். அங்கே பல இடங்களில் இது எழுதி வைத்த விதி. நிலையான காற்று மணிக்கு 40, 45 மைலைத் தொட்டால் அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நிலையத்துக்குத் திரும்பிவிடும். நம் கணக்கில் 64 முதல் 72 கிலோமீற்றர். அதற்கு மேல் அழைப்பு வந்தால் எழுதிக்கொள்வார்கள், எது அவசரம் என்று வரிசைப்படுத்துவார்கள், காற்று இறங்கியதும் அந்த வரிசையில் புறப்படுவார்கள். இதை முதல் நாளே தொலைக்காட்சியில் சொல்லிவிடுவார்கள்: இந்த வேகத்துக்குப் பிறகு அழைத்தாலும் எங்களால் வர முடியாது, வெளியேறச் சொல்லும்போது வெளியேறுங்கள் என்று. நம் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் சூறாவளியாகிப் பெயர் வாங்குவதே 62 கிலோமீற்றரில்தான். அதாவது இங்கே நாம் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் வேகத்தில் அங்கே வண்டி நின்றுவிடுகிறது.

அந்த எண்ணை அப்படியே எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வண்டி பெரிது, ரோடு அகலம். எங்கள் ரோட்டோரம் மரம், மரத்தோடு மின்கம்பி. என்னைக் கேட்டால் நம் எண் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி வேறாகவும் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு ஒன்று, அம்புலன்ஸுக்கு ஒன்று, ஏணி வைத்த தீயணைப்பு வண்டிக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று. பொறியியலாளரையும் வானிலைக்காரரையும் கூப்பிட்டு வையுங்கள். தயவுசெய்து இரண்டு சாரதிகளையும் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, எங்கள் மாவட்டத்துக்கு ஒரே நேரத்தில் ஓர் எல்லை போதாது. நகரத்தில் காற்று அடங்கிய பிறகுதான் வெருகலுக்கு வெள்ளம் வரும். மலைநாட்டில் பெய்த மழை மகாவலியில் இறங்கி வர நேரம் எடுக்கும். வானம் வெளுத்திருக்கும், வெயில்கூட அடிக்கும், ஈச்சிலம்பற்றுக்காரர் சாமான் காயப்போட்டிருப்பார், அப்போது தண்ணீர் வந்து நிற்கும். போன வருடம் மாவிலாற்றுப் பக்கம் அணை உடைந்தபோதும் ஆட்களை வானத்தாலும் வள்ளத்தாலும்தான் எடுக்க வேண்டி வந்தது. காற்றுக்கு ஒரு நேரம், ஆற்றுக்கு ஒரு நேரம். கிண்ணியா, மூதூர், கந்தளாய், குச்சவெளி என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எந்தப் பாலம், எந்தத் தாழ்ந்த இடம் முதலில் மூடும் என்று அந்தந்த ஊர்க்காரருக்கு நன்றாகத் தெரியும். இறக்கக்கண்டிக்காரரைக் கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார். கேட்டு எழுதுவதுதான் வேலை. பாலத் தூணில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போடப் பெரிய செலவில்லை. தண்ணீர் கோட்டைத் தொட்டால் எந்த வண்டியும் இல்லை, அரச வண்டியும் இல்லை, மந்திரி வண்டியும் இல்லை.

மந்திரி வண்டி என்று சும்மா எழுதவில்லை. எல்லோருக்கும் இல்லை என்று சொன்ன இரவுகளில் ஒருவருக்கு மட்டும் போன கதை எங்களுக்குள் நிறைய உண்டு. ஒரு வீட்டுக்கு உடைக்கப்பட்ட எல்லையை மற்றவன் எதற்காக நம்ப வேண்டும்?

எல்லை சொன்னால் சனம் பயப்படும், அதிகாரிகளைத் திட்டும் என்று மேசையில் ஒருவர் சொல்வார். அவருக்கு நான் காட்ட விரும்புவது திருக்கடலூர்க் கரையை. வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தால் வள்ளங்கள் கரையில் ஏறும். வள்ளக்காரன் ஏற்றிக் கட்டிவிட்டு வந்து வீட்டில் இருப்பான். அவனை யாரும் கோழை என்று சொன்னதை நான் கேட்டதில்லை. அவன் பெண்சாதி ‘நல்லதாய்ப் போச்சு’ என்பாள். அன்றைக்கு மீன் இல்லை என்று ஊர் கருவாட்டைத் தேடும். கடலுக்கு எல்லை உண்டு என்று ஏற்றுக்கொண்ட அதே சனம் ரோட்டுக்கும் எல்லை உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அறிவிப்பு முன்னால் வர வேண்டும். வள்ளம் நடுக்கடலில் நிற்கும்போது போக வேண்டாம் என்று சொல்லிப் பயன் என்ன?

இன்னொருவர் வேறு மாதிரிக் கேட்பார். எல்லை என்று ஒன்றைக் கொடுத்தால் அதைச் சாட்டாக வைத்துச் சோம்பேறிகள் படுத்துவிடுவார்கள், காற்று இறங்கிய பிறகும் வண்டி எடுக்க மாட்டார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. நானும் அப்படிப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் நிற்கிற எண்ணோடு புறப்படுகிற எண்ணையும் எழுதுங்கள் என்கிறேன். காற்று எவ்வளவுக்கு இறங்கி எவ்வளவு நேரம் நின்றால் புறப்பட வேண்டும் என்பது கட்டாயமாக இருக்கட்டும். அந்த நேரம் வந்ததும் ஏன் புறப்படவில்லை என்று கேட்க சனத்துக்கு உரிமை வரும். இப்போது கேட்க முடியாது. இப்போது எல்லாமே ‘நிலைமையைப் பொறுத்து’.

சூறாவளியின் கண், அதாவது நடுவில் காற்று அடங்கிக் கிடக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. 1978இல் மட்டக்களப்பில் அகப்பட்ட என் பெரியம்மா சொல்லுவா: திடீரென்று எல்லாம் நின்றுவிடுமாம், இலைகூட அசையாதாம், சனம் வெளியே வந்து கூரையைத் தேடுமாம். பிறகு மறுபக்கத்திலிருந்து அடிக்கும். முதல் காற்றில் சாய்ந்து நின்ற மரமெல்லாம் இரண்டாவது காற்றில்தான் விழுந்ததாம். அந்த அமைதியில் வண்டி எடுக்க ஆசை வரும், எனக்கும் வந்திருக்கும். அதனால்தான் புறப்படுகிற முடிவு வாசலில் நிற்கிறவனுடையதாக இருக்கக் கூடாது என்கிறேன். வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டு, வானிலைக்காரரோடு போனில் இருக்கும் ஒருவர் அதைச் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர். அவர் பெயரும் பதவியும் அந்த நாளில் எல்லாச் சாரதிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் நில் என்றால் நிற்கலாம், பிறகு விசாரணை இல்லை, விளக்கக் கடிதம் இல்லை. மாறாக அவர் போ என்று சொன்னாலும், கண்ணுக்கு முன்னால் ரோடு இல்லை என்று கண்ட சாரதி திரும்பி வரலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

போன நவம்பர் 30இல் லுணுவிலையில் நிவாரணப் பணியில் இருந்த ஹெலிகொப்டர் விழுந்து விமானி இறந்தார். சுண்டிக்குளத்தில் முகத்துவாரத்தை வெட்டி அகலமாக்கப் போன கடற்படையினர் ஐந்து பேரைத் தண்ணீர் கொண்டுபோனது. அவர்கள் எல்லை மீறினார்கள் என்றோ, யாரோ மீறச் செய்தார்கள் என்றோ நான் சொல்லவில்லை, அதற்கு எனக்குத் தகுதி இல்லை. வெள்ளம் வடிய வழி வெட்டாவிட்டால் ஊர் தாழும் என்ற நேரத்தில் போனவர்கள் அவர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: சாமான் வாங்கும் பட்டியலில் படகு, மெத்தை, பிஸ்கட் எல்லாம் இருக்கிறது. மீட்கப் போகிறவரைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? தண்ணீரில் மிதக்க உயிர்காப்பு அங்கி, கயிறு, கரையில் கயிற்றைப் பிடிக்க இரண்டாவது ஆள், இரவில் மாற்றுக்கு ஓர் ஆள். போன வருடம் அந்தத் தம்பி இருபது மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தான். அவன் வீட்டுக் கூரையிலும் நாலு தகரம் போயிருந்தது, அது அவனுக்கு மறுநாள்தான் தெரியும்.

சரி, வண்டி நிற்கிறது. அந்த நேரத்தில் நோயாளி என்ன செய்வது? நான் சொல்வதன் பெரிய பாதி இதுதான்.

வண்டி நிற்பதற்கு முன்னால் ஆட்கள் உள்ளே வந்துவிட வேண்டும். பிரசவத் திகதி நெருங்கிய தாய்மார் யார், எந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மருத்துவ மாதுவுக்கும் கொப்பியில் இருக்கிறது. இரத்தம் சுத்திகரிக்க வாரம் இரண்டு மூன்று தடவை வருகிறவர்களின் பட்டியல் வைத்தியசாலையில் இருக்கிறது. வீட்டில் ஒட்சிசன் வைத்திருப்பவர்கள், இதய நோயாளிகள், படுக்கையில் கிடப்பவர்கள் யார் என்று கிராம உத்தியோகத்தருக்குத் தெரியும். பட்டியல் எல்லாம் இருக்கிறது, ஆனால் மூன்றும் மூன்று லாச்சிக்குள் இருக்கின்றன. சிவப்பு எச்சரிக்கை வந்த காலையில் அவற்றை ஒன்றாக வைத்து, அந்த வீடுகளுக்கு ஓட வேண்டும். அப்போது காற்று இல்லை, சாதாரண பஸ்ஸே போதும். வைத்தியசாலை விறாந்தையில் இரண்டு நாள் பாயில் படுப்பது கஷ்டம்தான், வீட்டுக்காரர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

மற்றவர்களுக்கு அறிவிப்பு. பேஸ்புக்கில் போட்டால் போதும் என்று இருக்காதீர்கள், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஜமாலியாவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது, எங்கள் பக்கம் கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது, தேவாலயத்தில் மணி இருக்கிறது. முச்சக்கர வண்டியில் ஸ்பீக்கர் கட்டி லொத்தர் விற்கிறார்கள், அதே வண்டியை வாடகைக்கு எடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள். சொல்வது நாலு வரிதான் இருக்க வேண்டும்: எத்தனை மணியிலிருந்து வண்டி ஓடாது, யார் இப்போதே புறப்பட வேண்டும், எங்கே போக வேண்டும், அதற்குப் பிறகு எந்த இலக்கத்துக்கு அழைத்தால் ஆள் பேசுவார். “பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்” என்ற வசனத்தை மட்டும் கைவிடுங்கள். அவதானமாக இருப்பது எப்படி என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசியில் சொன்ன அந்த இலக்கம் முக்கியம். அம்புலன்ஸுக்கு 1990 இருக்கிறது, அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117 இருக்கிறது, பொலிஸுக்கு 119 இருக்கிறது, இலவசமாக அழைக்கலாம். நல்ல சேவைகள், நான் மறுக்கவில்லை. எல்லை நேரத்தில் அங்கே பேசுகிறவர் ‘வர முடியாது’ என்று சொல்லி வைத்துவிடக் கூடாது. லைனில் இருக்க வேண்டும். நெஞ்சை எப்படி அழுத்துவது, இரத்தம் வந்தால் எங்கே கட்டுவது, பிரசவம் என்றால் எதைச் சுடுநீரில் போடுவது, எதைத் தொடக் கூடாது என்று காற்று அடங்கும்வரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அன்றிரவு அந்தப் பொடியன் என்னைத் திட்டியது வண்டி வராததற்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தகப்பன் வியர்த்துக் கிடக்க, விளக்கு இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் ஏழு மணி நேரம் இருந்ததற்காக. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன், தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன், வீட்டில் இருந்த அஸ்பிரினைச் சப்பக் கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இருபத்தெட்டு வருடம் நோயாளியை ஏற்றி இறக்கியவனுக்கே அவ்வளவுதான்.

காற்று அடங்கிய பிறகு முதல் வண்டி அம்புலன்ஸாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முன்னால் மரம் அரியும் மெஷினோடு ஒரு வண்டி, அதில் மின்சார சபை ஆள் ஒருவர். கம்பி அறுந்து தண்ணீருக்குள் கிடந்தால் அதில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று டோர்ச் அடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் இல்லை என்று சொன்ன பிறகுதான் மற்றவன் காலை வைக்க வேண்டும். 2000இல் எங்களை எடுக்க வந்தவர்கள் கைவாளால் அரிந்தார்கள். இப்போது மெஷின் இருக்கிறது. எங்கே இருக்கிறது, யாரிடம் சாவி இருக்கிறது, பெற்றோல் இருக்கிறதா என்பதை ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை பாருங்கள்.

வாடைக் காற்று தொடங்க நாள் இருக்கிறது. அடுத்த கூட்டத் திகதியை எனக்கு அறிவித்தால் வருகிறேன், கதிரை இல்லாவிட்டால் பின்னால் நிற்பேன். அந்தத் தம்பியையும் கூட்டி வர விருப்பம். அவனுக்கு அன்று கடமை இருந்தால் ஒரு நாள் லீவு கொடுக்கச் சொல்லி அவனுடைய மேலதிகாரிக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் கேட்டால் கிடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அம்புலன்ஸ் சாரதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.